தீ மூட்டாத கூடாரம்

— தீயே மூட்டாம யாரும்மா கேம்ப் போடுறாங்க?

— எனக்குப் புகை ஒத்துக்காது.

— அப்படியா. டெட்ராய்ட்லேருந்து இந்த ஏரிக்கு வர்ற ஜனம், கூடாரத்துக்கு ஆணி அடிக்கறதுக்கு முன்னாடியே நெருப்பு மூட்டிரும். மழை தூறினாலும் குடையைப் பிடிச்சுக்கிட்டு ஊதும். நீ வந்ததுலேருந்து உன் நெருப்புக் குழியில ஒரு பிடி சாம்பல் விழல.

— அதுவும் குத்தமா? நீங்க யாரு, போலீசா?

— பேரு வெர்னன். கழிப்பறைக்குப் பக்கத்துல பச்சை ட்ரெய்லர் நிக்குதே, அதுல இருக்கேன். பார்க்குக்குக் காவல்காரன்னு வெச்சுக்கயேன். கழிப்பறை கழுவுவேன், விறகு விப்பேன், குடிச்சிட்டுக் கத்துறவனை அடக்குவேன். சம்பளம் கிடையாது, ட்ரெய்லர் நிறுத்த இடம் சும்மா. உன் பேரு?

— நோரீன். பதிவு பண்ணித்தான் வந்திருக்கேன். கம்பத்துல சீட்டு தொங்குது, பாத்துக்கங்க.

— பாத்தேன். போன வாரம் இதே நீலக் கூடாரம் மேட்டுல, பைன் மரத்தடியில நின்னுச்சு. அப்ப சீட்டுல வேற பேரு.

— ஊர்ல நீலக் கூடாரம் எனக்கு மட்டும்தான் இருக்கா?

— ஒட்டுப் போட்ட நீலக் கூடாரம் ஒண்ணுதான் இருக்கு.

— இதே வேலையா உங்களுக்கு? பொம்பளை தனியா இருந்தா மோப்பம் பிடிச்சுக்கிட்டு வர்றது?

— கோவப்படாத. பாரும்மா, லீவுக்கு வர்றவங்க காரு எனக்குத் தெரியும். தூண்டில் இருக்கும், படகு இருக்கும், ஒரு கல்யாணத்துக்கு ஆகற அளவு கறி இருக்கும். உன் பின்சீட்டுல பனிக்கோட்டு கிடக்கு, ஜூலை மாசத்துல. ரொட்டி சுடற மெஷின் வேற. எந்த மரத்துல சொருகப் போற அதை?

— என் காருக்குள்ள எட்டிப் பாத்தீங்களா?

— பாத்தேன். பாக்கறதுதான் என் வேலை. ரெண்டு வாரத்துக்கு மேல ஒருத்தரும் இங்க தங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, தெரியுமில்ல?

— தெரியும்.

— பேரை மாத்தி மாத்தித் தங்கிட்டா சரியாப் போச்சா? போக வீடு இருக்கா உனக்கு?

— எதுக்குக் கேக்கறீங்க, ரேஞ்சர்கிட்ட போட்டுக் குடுக்கவா?

— இருக்கா இல்லையா?

— இல்லைன்னே வெச்சுக்கங்க. என்ன செய்வீங்க?

— நெனைச்சேன். லீவுக்கு வந்தவன் தீயைச் சுத்தி உக்காந்து ஊர்க்கதை பேசுவான், சீக்கிரம் படுக்க மாட்டான். இருட்டினதும் அடங்கிப்போறவங்க, இங்கயே குடியிருக்கறவங்க.

— சரி, கண்டுபிடிச்சிட்டீங்க. தொரத்துங்க.

— கூடாரத்தைப் பிரிச்சு, படகுத்துறைக்குப் பின்னால கொண்டுபோய்ப் போடு. அங்க ரோடு பூரா சேறு, ரேஞ்சர் வண்டி எட்டிப் பாக்காது. வேற பேர்ல சீட்டு நானே எழுதி மாட்டிர்றேன்.

— எதுக்கு?

— எதுக்குன்னா?

— எவனும் சும்மா செய்ய மாட்டான். என்கிட்ட காசு கிடையாது. வேற ஏதாவது நெனப்பு இருந்தா இப்பவே சொல்லிருங்க.

— அடப் போம்மா. எனக்கு ஷூவுக்குக் கயிறு கட்டவே குனிய முடியல, நெனப்பு ஒண்ணுதான் குறைச்சல்.

— அங்க வேற யாராவது இருக்காங்களா?

— ரெண்டு பேரு. ஒரு நர்ஸ், வாடகையை ஏத்திட்டாங்கன்னு வந்தவ. அப்புறம் டவுன் பஸ் ஓட்டறவன். கழிப்பறைக் கண்ணாடியில சவரம் பண்ணிக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி வேலைக்குப் போறான்.

— அவங்களையும் நீங்கதான் ஒளிச்சு வெச்சிருக்கீங்க?

— ஒளிச்சுன்னு ஏன் சொல்ற? இடம் மாத்திவிடறேன், அவ்வளவுதான். யாருக்கு என்ன நஷ்டம்?

— பார்க் ஆபீசுக்குத் தெரிஞ்சா?

— அன்னைக்கே என் ட்ரெய்லரைக் கிளப்பச் சொல்லிருவாங்க. எங்கன்னு கிளப்பறது? பொண்டாட்டி வைத்தியத்துக்கு வீட்டை வித்தேன். வண்டியை வித்தேன். அப்புறம் அவளும் போயிட்டா. இந்த இடம் போச்சுன்னா நானும் நடுத்தெருதான். பயமாத்தான் இருக்கு, அதுக்காக அந்த நர்ஸ்கிட்ட போய் எந்திரின்னு எப்படிச் சொல்றது?

— இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?

— யார்கிட்டயும் இல்ல. நீதான் வாயைப் பிடுங்கிட்ட. ஏம்மா, முகமே வெளுத்துப் போச்சு? உடம்பு சரியில்லையா?

— வெர்னன், இனி ஒரு வார்த்தை பேசாதீங்க. நான் வீடில்லாதவ இல்ல, ஆபீஸ்ல வேலை பாக்கறவ. இங்க யாரோ ஜனங்களைக் குடிவெக்கறாங்கன்னு புகார் வந்துச்சு. ஆளைக் கண்டுபிடிக்கத்தான் என்னை அனுப்பினாங்க.

— அப்ப நான் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம்?

— கேட்டுட்டேன். எங்க மேலதிகாரி அதோ ரோட்டோரமா நிக்கற சிவப்புக் கார்ல உக்காந்து நம்மளையே பாத்துக்கிட்டிருக்கார்.

— என்னைப் பிடிச்சுக் குடுக்கப் போற.

— அவருக்கு அங்கிருந்து ஒண்ணும் கேட்டிருக்காது. சட்டத்தைச் சொல்லிக் கத்துங்க, என் கூடாரத்தைப் பிடுங்கி ரோட்டுல எறிங்க, இப்பவே, அவர் காதுல விழற மாதிரி.