பின்னாடி

காலையில் எழுந்ததும் முதலில் நாயை வெளியே விடுவேன். அது வேலியோரம் முகர்ந்துவிட்டுத் திரும்புவதற்குள் காபி தயாராகிவிடும். முட்டை பொரித்து நின்றபடியே சாப்பிடுவேன். சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து படம் பார்ப்பேன். படம் என்றால் ஆட்டப் படம். என் தொழிலில் எல்லோருடைய காலையும் இப்படித்தான் தொடங்கும். மனைவி இறந்த பிறகும் இதில் எதுவும் மாறவில்லை. நாய் மட்டும் கொஞ்ச நாள் கார் நிறுத்தும் இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. பிறகு அதுவும் விட்டுவிட்டது.

நீங்கள் விசாரணைக்கு வந்து கேட்பது அந்த ஒரு படத் துண்டைப் பற்றி. என் மனைவி கோரா புல்லில் கிடக்கிறாள். நான் குனிகிறேன். அவள் வாய் அசைகிறது. பயிற்சியாளர்கள் பார்க்கும் படத்தில் சத்தம் இருக்காது. யார் எங்கே நின்றார்கள், எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்பதுதான் எங்களுக்கு வேண்டும். அதனால் அவள் சொன்னது எனக்கு மட்டுமே தெரியும். சொல்கிறேன். அதற்கு முன் மற்றவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அது வேறு மாதிரி காதில் விழும்.

நான் ராய்ஸ் டாக்கெட். அலபாமாவில் ஒரு சிறிய கல்லூரி. அதன் ஃபுட்பால் அணியில் தடுப்பாட்டத்துக்கு உதவிப் பயிற்சியாளன். பந்தைக் கையில் அணைத்து ஓடி வருபவனை நடுவில் நின்று மோதிச் சாய்க்கும் பையன்கள் என் பொறுப்பு. இந்தத் தொழிலில் தலைமைப் பயிற்சியாளரை அனுப்பிவிட்டால் உதவியாளர்களும் மூட்டை கட்ட வேண்டும். நாங்கள் பல ஊர்களில் மூட்டை கட்டியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் கோரா தன் வேலையை விட்டுவிட்டு வந்தாள். இங்கேதான் முதல் முறையாக இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை கிடைத்தது. அணியில் அடிபட்டவர்களைக் கவனிப்பது அவள் பொறுப்பு. கணுக்காலுக்குக் கட்டுப் போடுவதிலிருந்து, தலையில் அடி வாங்கியவனை வெளியே உட்காரவைப்பது வரை.

அதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவனுக்குத் தலையில் அடி என்று சந்தேகம் வந்தால் அவன் ஹெல்மெட்டை வாங்கிக்கொள்வார்கள். சும்மா உட்கார் என்று சொன்னால் உட்கார மாட்டார்கள். கண் மறைந்ததும் களத்துக்குள் ஓடிவிடுவார்கள். ஹெல்மெட் இல்லாமல் ஓட முடியாது. அது கோராவின் கையில் இருக்கும்வரை தலைமைப் பயிற்சியாளரே வந்தாலும் ஒன்றும் நடக்காது.

எனக்கும் உபரியாக ஒரு வேலை உண்டு. ஆட்டம் சூடாகும்போது ஓரத்தில் நிற்பவர்கள் தம்மை மறந்து வெள்ளைக் கோட்டைத் தாண்டிவிடுவார்கள். நடுவர் தண்டனை கொடுப்பார். அதைவிட, ஓடி வருகிறவர்கள் மோதினால் நிற்பவர்களுக்கு எலும்பு முறியும். ஒருவன் அவர்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அணியிலேயே நிதானமானவன் என்று அதை எனக்குக் கொடுத்தார்கள். எங்கள் தலைமைப் பயிற்சியாளர் விட்டேக்கரின் பெல்ட்டை இடது கையால் பிடித்திருப்பேன். ஆட்டம் எங்கள் பக்கம் திரும்பினால் "பின்னாடி" என்று ஒரு குரல் கொடுப்பேன். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், யோசிக்க மாட்டார்கள். அப்படியே பின்னால் குதிப்பார்கள். ஒருமுறை கடையில் கோரா பிஸ்கட் மாவு எடுத்துக்கொண்டிருந்தபோது விளையாட்டாக அந்தச் சொல்லைச் சொன்னேன். பொட்டலத்தோடு பின்னால் குதித்தாள். பிறகு அதாலேயே என் தோளில் அடித்தாள்.

"நாயைப் பழக்கற மாதிரி என்னைப் பழக்கி வச்சிருக்கடா நீ," என்றாள்.

மேலிக் ஓடம் என்னுடைய பையன்களில் முதல்வன். நான் படத்தில் காட்டியதை மறுநாள் உடம்பால் செய்துகாட்டுவான். அக்டோபரில் ஓர் ஆட்டத்தில் தலையோடு தலை மோதி விழுந்தான். எழுந்தவன் எதிரணியின் பெஞ்சுக்கு நடந்துபோய் உட்கார்ந்துகொண்டான். கூட்டம் சிரித்தது. கோரா அங்கேயே போய் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டாள். அதன் பிறகு கொடுக்கவில்லை.

அவன் இல்லாமல் நாங்கள் தோற்கத் தொடங்கினோம். கடைசி ஆட்டத்துக்குப் பெரிய கல்லூரி ஒன்றிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. என் பையன்கள் ஆடுவதைப் பார்க்க. பிடித்துப்போனால் அடுத்த ஆண்டு அங்கே முழுத் தடுப்பாட்டமும் என் கையில். இனி மூட்டை கட்ட வேண்டாம். இதை நான் எனக்காக மட்டும் விரும்பவில்லை. கோராவுக்கும் ஒரே ஊரில் இருக்க ஆசை. எங்களுக்கு ஒரு குழந்தை வேண்டும் என்ற பேச்சும் இருந்தது.

விட்டேக்கர் தினமும் என் அறை வாசலில் நின்று பல் குத்துவார்.

"என்ன டாக்கெட், ஹெல்மெட் வந்துச்சா?"

"இன்னும் இல்ல கோச்."

"ஒரே கட்டில்ல படுக்கறீங்க. பொண்டாட்டிகிட்ட இருந்து ஒரு ஹெல்மெட்டை வாங்கத் தெரியல. உன்னை நம்பி எவன்டா ஒரு அணியைக் குடுப்பான்?"

நான் முறையான வழியில்தான் முயன்றேன். கோரா தலைக் காயத்தைச் சோதிக்கும் விதம் எனக்குத் தெரியும். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வாள். ஐந்து சொற்களைச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்பாள். அந்தச் சொற்கள் அவள் பையில் இருந்த அட்டைகளில் இருந்தன. படம் பார்க்கும் அறையில் ஓடமை உட்காரவைத்துப் பழக்கினேன். டிசம்பர், நவம்பர், அக்டோபர். ஆட்ட உத்திகளைப் பழக்குவதுபோலத்தான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றான். விளக்கை அணைத்துவிட்டுத் தொடர்ந்தோம். இரண்டு முறை குப்பைத்தொட்டியில் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, "மறுபடி கேளுங்க கோச்," என்றான். நல்ல பையன்.

சோதனை அன்று நானும் போயிருந்தேன். மாதங்களைக் கடகடவென்று சொன்னான். கோரா அட்டையைக் கையில் எடுத்தாள். அவனைப் பார்த்தாள். அட்டையைக் கீழே வைத்துவிட்டு, சன்னலுக்கு வெளியே பார்த்து மனத்தில் வந்த ஐந்து சொற்களைச் சொன்னாள். வாளி, பேரிக்காய், செருப்பு, பாலம், ஆந்தை. பிறகு அவன் அம்மாவைப் பற்றி ஏதோ பேசினாள். பிறகு திருப்பிக் கேட்டாள்.

ஓடம் சிரித்தான். "வாளி, மிஸ் கோரா."

"அப்புறம்?"

"வாளில நிறைய தண்ணி, மிஸ் கோரா."

"மேலிக், இங்க பாரு. மாசமெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. அதுவும் நான் பழக்கியதுதான். ஆனால் அவள் என்னைப் பார்த்தாள்.

அன்று வீட்டில் அவள் கத்தவில்லை. தட்டுகளை எடுத்துவைத்தாள். "அவனோட அம்மா என்கிட்ட விட்டுட்டுப் போயிருக்காங்க, ராய்ஸ். இன்னொரு அடி விழுந்தா அவன் அவனா இருக்க மாட்டான். உனக்கு ஒரு வேலை போனா இன்னொரு ஊரு. அவனுக்கு இன்னொரு தலைக்கு எங்க போவோம்?" என்றாள். நியாயமாகத்தான் பேசினாள். அவள் எப்போதும் நியாயமாகத்தான் பேசுவாள். அதுதான் கஷ்டம்.

கடைசி ஆட்டம் சனிக்கிழமை மதியம். ஓடம் சீருடை போட்டுக்கொண்டு, தலையில் ஒன்றுமில்லாமல் ஓரத்தில் நின்றான். கோரா அவன் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள். நாங்கள் சொற்பப் புள்ளிகளில் முன்னிலையில் இருந்தோம். ஆட்டம் முடியும் கட்டம். எதிரணி முன்னேறிக்கொண்டிருந்தது. ஓடமுக்குப் பதிலாக ஆடியவன் முயல் மாதிரி ஓடினானே தவிர யாரையும் சாய்க்கவில்லை. பெரிய கல்லூரியிலிருந்து வந்தவர் படிக்கட்டில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கிளம்பத் தயாராவது தெரிந்தது.

ஓடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். "ஒரே ஒரு தடவை, மிஸ் கோரா. அம்மா மேல சத்தியமா தலை வலிக்கல."

"உங்கம்மாகிட்ட நானே கேக்கறேன். கண்ணைக் காட்டு."

"வெயில் கூசுது மிஸ் கோரா."

நான் சொன்னேன், "அவனை இப்படித் திருப்பி நிறுத்து கோரா. வெயில் அவன் முதுகுல படட்டும். இந்த இரும்புப் பெட்டிகிட்ட வா. நல்லா தெரியும்." கட்டுத் துணிகள் வைக்கும் பெட்டி அது. அவள் வந்தாள். ஓடம் களத்தைப் பார்த்து நின்றான். கோரா அவனைப் பார்த்து நின்றாள். அவள் முதுகு வெள்ளைக் கோட்டுக்கு மிக அருகில் இருந்தது.

இதைத் திட்டம் என்று சொல்லாதீர்கள். பயிற்சியாளன் திட்டம் போடுவதில்லை. ஆட்களைச் சரியான இடத்தில் நிறுத்துவான். மற்றது தானாக நடக்கும்.

மேலே கண்ணாடி அறையில் எங்கள் தடுப்பாட்டத் தலைவர் டென்னி ஸ்ட்ரோம் இருப்பார். அவர் என் காதுக்கருவியில் சொல்வதை நான் கையால் களத்துக்குக் காட்டுவேன். உள்ளங்கையை மார்பில் வைத்தால், ஓடி வருபவனை நடுவே நெரிசலுக்குள் தள்ளு. கையை வெளியே வீசினால், அவனைக் கோட்டுக்கு வெளியே விரட்டு. டென்னி உள்ளே என்றார். படத்தில் என் வலது கையைப் பாருங்கள். அது வெளியே போகிறது. அந்த எதிரணிப் பையன் அந்த இடத்திலிருந்து எப்போதும் எங்கள் பக்கமாகத்தான் ஓடுவான். அதை ஒரு வாரமாகக் காபியோடு பார்த்திருந்தேன்.

வந்தான். பின்னால் எங்கள் பையன்கள் இருவர். எனக்கு நன்றாகத் தெரிந்தது. விட்டேக்கரின் பெல்ட்டைச் சத்தமில்லாமல் பின்னால் இழுத்தேன். அவர் என் மேல் சாய்ந்தார். கோரா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள். என் வலது கை சும்மா இருந்தது. வாயும் சும்மா இருந்தது.

மூன்று பேரும் அவள் மேல் விழுந்தார்கள். தலை பெட்டியின் விளிம்பில் பட்டது. ஹெல்மெட் உருண்டு என் காலடிக்கு வந்தது.

நீங்கள் வந்தது அடுத்த காட்சிக்காக. ஓடமின் அம்மா புகார் கொடுத்ததும் அதைப் பற்றித்தான். நான் முதலில் குனிந்து ஹெல்மெட்டை எடுக்கிறேன். ஓடமின் தலையில் வைத்துத் தாடைப் பட்டையை மாட்டுகிறேன். அவன் கோராவைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். தோளில் தட்டி உள்ளே அனுப்புகிறேன். அதற்குப் பிறகுதான் அவளிடம் குனிகிறேன். ஆமாம். அந்த வரிசையில்தான் செய்தேன். அவளைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். ஓடமுக்கு நான் மட்டும்தான் இருந்தேன்.

அவள் பேசினாள். பிறகு எழுந்து உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடித்தாள். தலையில் அடிபட்டவர்கள் முதலில் தெளிவாகப் பேசி, பிறகு மயங்கினால்தான் பயப்பட வேண்டும் என்று அவளே எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தெரிந்திருந்தும் களத்துக்குத் திரும்பினேன். ஓடம் இரண்டே மோதலில் ஆட்டத்தை முடித்தான். இரண்டாவதில் அவனால் எழ முடியவில்லை. நாங்கள் வென்றோம். கூட்டம் களத்தில் இறங்கியபோது கோரா பெஞ்சில் ஒருவர் மடியில் சரிந்திருந்தாள். மருத்துவமனையில் கண் திறக்கவே இல்லை.

நிருபர்கள் கேட்டார்கள். ஏன் களத்திலேயே இருந்தீர்கள் என்று. அவள் "ஜெயிச்சிட்டு வா" என்று சொல்லி என்னை அனுப்பியதாகச் சொன்னேன். கேட்டவர்கள் அழுதார்கள். பாதிரியார் தேவாலயத்தில் அதை வைத்தே பேசினார். பெண்கள் துக்க வீட்டுக்கென்று ஆளுக்கொரு அலுமினியத் தட்டில் மாக்கரோனி கொண்டுவந்தார்கள். அணியில் எல்லா ஹெல்மெட்டின் பின்புறமும் அந்தச் சொற்களை ஒட்டியிருக்கிறார்கள். அவள் பெயரோடு. புதிதாக வரும் பையன்கள் களத்தில் இறங்கும் முன் விரலால் தொட்டுக்கொள்கிறார்கள்.

டென்னி ஸ்ட்ரோம் தான்தான் தவறாகச் சொல்லிவிட்டதாக இன்னும் நினைக்கிறார். காதில் பேசியதை யாரும் பதிவு செய்வதில்லை. அடக்கத்தின்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வெளியேன்னு சொல்லிட்டேன் போலிருக்கு ராய்ஸ், நான்தான் கொன்னுட்டேன்," என்று அழுதார். "விடுங்க டென்னி, தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றேன். அதன் பிறகு அவர் வேலையை விட்டுவிட்டார். அந்த இடம் எனக்கு வந்தது. பெரிய கல்லூரிக்காரர் பிறகு கூப்பிடவில்லை.

ஓடம் அவன் அம்மா வீட்டில் திரை போட்ட அறையில் இருக்கிறான். போய்ப் பார்த்தேன். அம்மா யாரென்றே அவனுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் "கோச்" என்றான். அவனுக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான். ஒரு பயிற்சியாளனுக்கு அதில் கொஞ்சம் பெருமை இருக்கத்தான் செய்யும்.

நான் அவளைக் கொல்ல நினைக்கவில்லை. எனக்கு ஹெல்மெட் வேண்டியிருந்தது. அதற்கு அவள் விழ வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நான் செய்தது ஒன்றுமில்லை. ஒரு சொல்லைச் சொல்லவில்லை. எல்லாம் நொடியில் நடந்தது, அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்றுதான் காலையில் படம் பார்க்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த இடம் வரும்போது மட்டும் ஓட்டிவிடுவேன்.

இப்போது நீங்கள் நிறுத்தி வைத்திருப்பது அந்த இடம்தான். அவள் முகத்தில் வலி தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பவள் மாதிரி இருக்கிறாள். முதலில் ஓடமின் தலையில் இருக்கும் ஹெல்மெட்டைப் பார்த்தாள். பிறகு என்னை. கோபமே இல்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"நீ இருக்கியேன்னுதான் ராய்ஸ் நான் திரும்பி நின்னேன்."