சம்மதத்தைக் காதாரக் கேட்டவருக்கு

பணி நிறைவு பெறும் திருமணப் பதிவதிகாரி திருமதி லோகேஸ்வரி காளியண்ணன் அவர்களுக்கு, கோல சிலாங்கூர் வட்டாரப் பதிவிலாகா ஊழியர்கள் உவந்தளிக்கும் பாராட்டு மடல்

அன்பும் ஆளுமையும் ஒருங்கே அமைந்த அம்மையீர்! கனிவும் கண்டிப்பும் கைகோத்து வரக் கண்டவர்கள் நாங்கள், உங்களிடம்! மாலையும் கையுமாக வந்தவர்களின் மனத்தையும் மறவாமல் பார்த்த மாண்புடையீர்! உதடு உரைத்ததோடு நில்லாமல் உள்ளம் உரைத்ததையும் உற்றுக் கேட்ட உத்தமியே! எங்கள் அலுவலகத்தின் ஆணிவேரே! எல்லார்க்கும் அக்காவே! வணக்கம்.

கோலா குபு பாருவில் எழுத்துவேலைக் கிராணியாகக் கோப்பு தூக்கத் தொடங்கி, வட சிலாங்கூர் முழுவதும் மாறி மாறிப் பணியாற்றி, முப்பத்து நான்கு ஆண்டு அரசு ஊழியத்தை நிறைவு செய்து இன்று நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். உங்கள் முன்னிலையில் இல்லறம் புகுந்த இணையர் எத்தனை பேர் என்று எங்களில் சிலர் கணக்கெடுக்க முயன்றதுண்டு. பாதியிலேயே கைவிட்டோம்.

சொற்களுள் சில, செய்தியை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும். ‘மழை பெய்கிறது’ என்று நாம் சொல்வதால் மழை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. வேறு சில சொற்களோ, சொன்ன கணத்திலேயே ஒன்றைச் செய்து முடித்துவிடும். ‘சம்மதம்’ என்று இருவர் சொன்னால், தனித்தனியாக அறைக்குள் வந்தவர்கள் கணவன் மனைவியாக வெளியே போகிறார்கள். அத்தகைய சொல்லைக் கையாளும் நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம் என்பதை ஒரு நாளும் மறவாதவர் நீங்கள்.

சம்மதத்திற்கு மலாயில் ‘செத்துஜு’ என்பார்கள். நல்ல நாளும் அதுவுமாகச் ‘செத்து’ என்று தொடங்கும் சொல்லைக் கேட்டு, மணமகனின் பாட்டனார் ஒருவர் மாலையை வீசிவிட்டு எழுந்த கதையைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். அன்று முதல், சட்டப்படி மலாயில் கேட்ட கேள்வியைத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தமிழிலும் ஒரு முறை கேட்டீர்கள். “என்ன வார்த்தைய சொல்றோம்னு அவங்களுக்குத் தெரியணும்லா” என்றீர்கள்.

மக்கள் வந்து நிற்கும் முகப்பில் எங்கள் வாய்க்கும் நீங்களே காவல். “பாக்கலாம்னு சொல்லாதீங்க. ஒங்களுக்கு அது முடியாதுங்கிற அர்த்தம். சுங்கை பஞ்சாங்குலேருந்து பஸ் ஏறி வந்தவங்களுக்கு அது முடியும்ங்கிற அர்த்தம். நாளைக்கும் பஸ் ஏறி வருவாங்க” என்று கண்டித்தீர்கள். முடியும் என்றால் முடியும், முடியாது என்றால் முடியாது என்று முகம் பார்த்துச் சொல்லும் பழக்கம் எங்களுக்கு வந்தது உங்களால்தான்.

இம்மடலை எழுதி வாசிக்கும் தஸ்லிமா மதார் சாகிபு ஆகிய நான், அன்று உங்கள் அறையில் உதவியாளராக இருந்தவள். ஆகவே, இந்த மன்றத்தில் பலரும் செவிவழியாக மட்டுமே அறிந்த அந்த நாளை நேரில் கண்டவாறு சொல்வது என் கடமை.

சுங்கை ஆயர் தாவார் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வேலையாள்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்த திரு. தங்கராஜு, தம் மகள் உஷாராணியின் திருமணத்தைப் பதிவு செய்ய இரண்டு வேன் நிறைய உறவினரோடு வந்தார். மறுநாள் கோயிலில் தாலிகட்டு. பந்தி வரைக்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. மணமகன் திரு. ரவீந்திரன் தெளிவாகச் சம்மதம் என்றார். பிறகு நீங்கள் மணமகளைக் கேட்டீர்கள்.

“அப்பா வாக்குக் குடுத்துட்டாங்க” என்றார் அந்தப் பெண்.

“அப்பாவக் கேக்கலம்மா. ஒங்களத்தான் கேக்கறேன்.”

“எனக்கென்னா இருக்கு... சரிங்க.”

நீங்கள் பேனாவைக் கீழே வைத்தீர்கள். தங்கராஜு எழுந்தே விட்டார். “அதான் சரின்னு சொல்லிட்டாள்ல! இன்னும் என்னா வேணும் ஒங்களுக்கு?”

“சரின்னு சொன்னாங்கய்யா. சம்மதம்னு சொல்லல” என்றீர்கள், குரலை உயர்த்தாமல். பிறகு எல்லாரையும் வெளியே இருக்கச் சொன்னீர்கள். அறையில் நாம் மூவரும்தான். மின்விசிறிக் காற்றில் அந்தப் பெண்ணின் தலைப்பூ மட்டும் ஆடியது.

“வீட்ல வேணாம்னு சொன்னீங்களாம்மா?”

“சொன்னேங்க. பொண்ணு வெக்கப்படுறான்னு சிரிச்சாங்க. திரும்பவும் சொன்னேன். அழுதா நல்ல சகுனம்னாங்க.” இதைச் சொல்லிவிட்டு உஷாராணி என்னைப் பார்த்தார், நானாவது நம்புகிறேனா என்பதுபோல. “எப்படிச் சொன்னா வேணாம்னு ஆகும், அக்கா?”

அவர் கேட்டது என்னைத்தான். பதில் சொன்னது நீங்கள். “இங்க ஒரு தடவ சொன்னாப் போதும்மா. ஆனா நான் போயி சொன்னா அது எம் பேச்சு. நீங்க சொல்லணும். நான் பக்கத்துல நிக்கிறேன்.”

கதவைத் திறந்தோம். பேச்சு அடங்கியது. உஷாராணியின் கை உங்கள் கைக்குள் இருந்தது. “அப்பா, எனக்கு வேணாம்” என்றார். மெல்லிய குரல்தான். ஆயினும் கடைசி வரிசை வரைக்கும் அது போய்ச் சேர்ந்தது.

தங்கராஜு கையை ஓங்கினார். குறுக்கே வந்து நின்றது நீங்கள். உங்களுக்கும் முன்னால் வந்து நின்றவர் ரவீந்திரன். “மாமா, விட்டுடுங்க. பொண்ணு பாக்க வந்தப்ப நானும் கேட்டேன். அவங்க பேசவே இல்ல. நாந்தான் அத சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.” மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம், “மன்னிச்சிடுங்க” என்றார். அந்த மனிதரின் பெருந்தன்மைக்கும் இந்த மடலில் ஓர் இடம் உண்டு.

அம்மையீர்! அதன் பிறகு வந்த நாள்கள் உங்களுக்குச் சுலபமானவை அல்ல. நடக்க இருந்த கல்யாணத்தை நிறுத்தினார் என்று தங்கராஜு புகார் கொடுத்தார். மேலதிகாரி ஒருவர் உங்களை அழைத்து, ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டால் விஷயம் முடிந்துவிடும், இல்லையென்றால் விசாரணை, இடமாற்றம் என்று போகும் என்றார். உங்கள் கணவர் திரு. காளியண்ணன் அப்போதுதான் இதய அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்தார். இடமாற்றம் என்றால் என்ன ஆகும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

“வருத்தமா இருக்குன்னு சொல்றேன் சார். சொந்தக்காரங்க முன்னாடி அந்த மனுஷன் தலைய குனிஞ்சுக்கிட்டு போனாரு. எனக்கும் வருத்தந்தான். ஆனா மன்னிப்புன்னு கேட்டா நான் தப்பு செஞ்சேன்னு ஆயிடும். அந்தப் பொண்ணு சொன்னதும் தப்புன்னு ஆயிடும். அத என்னால செய்ய முடியாது” என்றீர்கள்.

வெளியே வந்து எங்களோடு தேநீர் குடித்தபோது, “இடமாத்தம் வந்தா வீட்ல அவர யாரு பாத்துக்குவா?” என்று எங்களையே கேட்டீர்கள். அஞ்சாதவர் என்று உங்களைப் புகழ மாட்டோம். அஞ்சிக்கொண்டே நின்றவர் நீங்கள். அதுதான் எங்களுக்குப் பெருமை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களாகவே தோட்டத்திற்குப் போனீர்கள். தங்கராஜு உங்களை உட்காரச் சொல்லவில்லை. மகளிடம் அவர் பேசுவதையே விட்டிருந்தார். ஒரே வீட்டில், ஒரே சோற்றுப் பானையில் சாப்பிட்டுக்கொண்டு, மகள் காதில் விழவேண்டியதை மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “ஒங்க வாக்கு பெருசுதான்யா. அவங்க வாக்கும் அவங்களுக்குப் பெருசு” என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு வந்தீர்கள்.

விசாரணைக்கு நாள் குறித்த பிறகு, ஒரு நடுப்பகலில் தங்கராஜு நம் முகப்பில் வந்து நின்றார். மறுபடியும் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நான் காவலரைத் தேடினேன். அவர் உங்களைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

“சாப்டாச்சா, அக்கா?” என்றார்.

“இன்னும் இல்லீங்க. வாங்க, போவோம்” என்றீர்கள்.

கீழே ரஹ்மத் பாயின் உணவகத்தில் இருவரும் சாப்பிட்டீர்கள். திரும்பி வந்த நீங்கள் என்னிடம், “அவரு மன்னிப்பு கேட்டுட்டாரு, தஸ்லிமா” என்றீர்கள்.

“எங்கக்கா கேட்டாரு? சாப்டாச்சான்னுதானே கேட்டாரு?”

“அதத்தான் சொல்றேன்” என்று சிரித்தீர்கள்.

மறுநாள் புகார் திரும்பப் பெறப்பட்டது. அதைவிடப் பெரிய செய்தி அதற்கடுத்த வாரம் வந்தது. உஷாராணி தொலைபேசியில் அழைத்து, “அக்கா, அப்பா இன்னிக்கு ‘கொழம்புல உப்பு கம்மி’ன்னு எங்கிட்டயே சொன்னாங்க” என்று தேம்பினார். உங்கள் கண்ணும் கலங்கியதை நாங்கள் பார்க்காததுபோல் இருந்தோம்.

ஆண்டுகள் சில கழிந்து, தையற்கடை வைத்துத் தம் காலில் நின்ற உஷாராணி, தாம் விரும்பிய சரணோடு அதே அறைக்கு வந்தார். நீங்கள் கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்பே, “சம்மதம்!” என்று போட்ட சத்தத்தில் முகப்பில் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடக் காத்திருந்த தங்கராஜு, “காதுல விழுந்துச்சா, அக்கா?” என்று கேட்டு, தாமே முதலில் சிரித்தார்.

சட்டம் படித்தவர் பலர் உண்டு, அம்மையீர்! ஒரு சொல் எந்த மனத்திலிருந்து வருகிறது, எந்த வாயில் அச்சமாகிறது, எந்த வாயில் அன்பாகிறது என்று பொறுமையாகக் கேட்பவர் சிலரே. அந்தச் சிலரில் ஒருவரோடு ஒரே கூரையின்கீழ் பணியாற்றினோம் என்று எங்கள் பிள்ளைகளிடம் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வோம்.

இந்த இடத்தில் ‘விடை தருகிறோம்’ என்று எழுதுவது வழக்கம். நாங்களும் எழுதிப் பார்த்தோம். ஆனால் அந்த வரிக்குக் கீழே கையெழுத்திட ஒருவரும் முன்வரவில்லை. ஆகவே அதை அடித்துவிட்டு வாழ்த்து மட்டும் வழங்குகிறோம்: முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் கணவரோடு, நோயின்றி, குறையின்றி, நினைத்த நேரத்தில் உறங்கி நினைத்த நேரத்தில் எழுந்து, நெடுநாள் நிறைவாக வாழ்க! இறைவன் உங்களைக் காப்பானாக!

என்றும் உங்கள் அன்பு மறவாத,
பதிவிலாகா ஊழியர்கள்