ஃபியோராவின் கிண்ணம்

ராத்திரி பத்து மணியைத் தாண்டியிருக்கும். கல்லறைத் திருநாளுக்கு முந்தைய ராத்திரி. நம் பள்ளத்தாக்குக்கு மேலே, கஷ்கொட்டை மரங்களுக்கு நடுவே ஒரு வண்டிப்பாதை போகிறதே... பஸ்ஸானி வீட்டிலிருந்து குவெர்ச்சா வீட்டுக்கு... அந்தப் பாதை. மற்ற நாட்களிலேயே அதில் ஆள் நடமாட்டம் கிடையாது. இரண்டு வீட்டுக்கும் ஆகாது. அன்றைக்கு ராத்திரியோ உயிருள்ளவர்கள் யாரும் அதில் கால் வைக்க மாட்டார்கள். அன்று அந்தப் பாதை செத்தவர்களுக்கு.

தொழுவத்துக் கதவைச் சாத்தியாயிற்றா? சரி. திரியைக் கொஞ்சம் இறக்குங்கள். மாடுகள் விடும் மூச்சே நமக்குச் சூடு.

இது நம் ஜெம்மாவின் மாமனாருக்கு அத்தை முறையான ஒருத்திக்கு நடந்தது. குவெர்ச்சா வீட்டுப் பெண்.

"பேரு என்ன?"

அதைக் கேட்காதே. வர வேண்டிய இடத்தில் வரும்.

"பேரு இல்லாத பொண்ணா? என் பொண்டாட்டிக்கும் நான் பேரு வைக்காம விட்டிருக்கலாம்" என்று தோனி சிரிக்கிறான். சிரி, தோனி. இப்போதே சிரித்துக்கொள்.

அந்தப் பெண், பஸ்ஸானி வீட்டு இளைய மகன் ஸேனோவோடு ஓடிப்போனாள். வெரோனா போய், முகம் தெரியாத பாதிரியார் முன்னால் மோதிரம் மாற்றிக்கொண்டு திரும்பினார்கள். இரண்டு வீட்டிலும் அதற்குள் எத்தனை பிணம் விழுந்திருந்தது என்று உங்களுக்கே தெரியும். மலைமேல் ஊற்றுத் தண்ணீர் யாருக்கு என்று ஆரம்பித்தது. கடைசியாக அவளுடைய அண்ணன் அல்வீஸே, பஸ்ஸானிகளின் வைக்கோல் கொட்டகைக்குத் தீ வைத்தான். உள்ளே ஸேனோவின் அக்கா ஃபியோரா தூங்கிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் சத்தியம் செய்தான்.

அந்த ஃபியோராவின் அம்மா பெனெத்தா. மருமகளாக வந்தவளை அவள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"உங்க வீட்டு ஆளுங்க என் பொண்ணை எடுத்துக்கிட்டாங்க. நீ எனக்கு ஒரு பொண்ணு குடுக்கணும். உன் பேரை அந்தப் பாதையிலேயே போட்டுட்டு வா. இந்த வீட்டுக்குள்ள நீ ஃபியோரா. என்னை அம்மான்னு கூப்பிடு."

அவள் ஸேனோவைப் பார்த்தாள். அவன் காலடியில் கிடந்த நாயைப் பார்த்தான். பேர்தானே, என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவனுக்காக வீட்டை விட்டவளுக்கு, பேர் என்ன பெரிய பாரமா? படியேறினாள். ஃபியோரா வளர்த்த அந்த நாய் அவளைப் பார்த்து உறுமியது. அன்றிலிருந்து ஒரு நாளும் அது உறுமாமல் இருந்ததில்லை.

முதலில் எல்லாம் கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டாள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நிற்பாள். பிடரியில் அடி விழும். "காது செவிடா, ஃபியோரா? குவெர்ச்சா வீட்டுல காதுக்கும் பஞ்சமா?" பிறகு சீக்கிரம் திரும்பப் பழகினாள். செத்தவளின் பாவாடையை உடுத்தினாள், செத்தவளின் தறியில் உட்கார்ந்தாள். ராத்திரியில் மட்டும் போர்வைக்குள் ஸேனோ அவள் பழைய பேரைக் காதோடு சொல்வான். பகலெல்லாம் பட்டதற்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. கொஞ்ச நாளில், "அம்மா பக்கத்து அறையில முழிச்சிருக்கா" என்றான். பிறகு எதுவுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இந்தா." "ஏய்." அவ்வளவுதான். அக்காவின் பேரைச் சொல்லிக் கட்டிலில் கூப்பிட அவனுக்கு நா எழவில்லை. மனைவியின் பேரைச் சொல்லத் துணிவும் இல்லை.

ஒருநாள் ஊற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அக்கரையிலிருந்து யாரோ ஒரு பேரைச் சொல்லிக் கூவினார்கள். திரும்பத் திரும்பக் கூவினார்கள். யாரைத்தான் இப்படிக் கூப்பிடுகிறார்கள், அந்தப் பெண்ணுக்குக் காதில்லையா என்று சலித்துக்கொண்டே துணியைப் பிழிந்தாள். கூவின குரல் ஓய்ந்து, ஆள் போன பிறகுதான் உறைத்தது. தன்னை. தன்னைத்தான்.

ஈரத் துணி கையில் அப்படியே இருந்தது. தண்ணீரில் தெரிந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாளாம். அடி வாங்கும்போது வராத பயம் அப்போதுதான் வந்தது.

அதனால்தான் கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள், விறகுக் கொட்டகையில் ஸேனோவை மறித்தாள்.

"இன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லு."

"இன்னிக்கா? பைத்தியமா உனக்கு? இன்னிக்கு ராத்திரி பேரு சொன்னா செத்தவங்களைக் கூப்பிடுறதா ஆயிடும்."

"அது எனக்கே மறந்துக்கிட்டே வருது, ஸேனோ."

"நாளைக்குச் சொல்றேன். காலையில முதல் வேலையா." அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு விறகைத் தூக்கிக்கொண்டு போனான்.

ராத்திரி... கோயில் மணி நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. நம் வழக்கம்தான் அங்கும். மேசையில் செத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கிண்ணம் மொச்சை சூப்பு. மூலையில் ஒரு வாளி தண்ணீர். வீட்டுக்குப் பெரியவர் கதவைத் திறந்து, இருட்டைப் பார்த்து, செத்தவர்களைப் பேர் சொல்லி அழைப்பார். உயிரோடு இருப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. அழைத்து முடிந்ததும் தாழ்ப்பாள். அதற்கப்புறம் வெளியே நிற்பவரின் பேரை அவரோ உள்ளே இருப்பவரோ சொல்லாமல் கதவு திறக்காது. பகையாளி வீட்டுச் செத்தவர்களும் அதே பாதையில்தானே வருகிறார்கள்.

பெனெத்தா வாசலில் நின்றாள். ஸேனோ மேசைப்பக்கம். மருமகள் அடுப்படியில், அகப்பையும் கையுமாக, முதுகைக் காட்டிக்கொண்டு.

"பெர்த்தோ, வாங்க. உங்க நாற்காலி இருக்கு." செத்துப்போன புருஷனை முதலில் அழைத்தாள்.

காற்று. விளக்குச் சுடர் சாய்ந்து நிமிர்ந்தது.

"ஃபியோரா... வாடி கண்ணு. சூப்பு ஆறுது."

"இதோ வந்துட்டேம்மா."

அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு திரும்பியும் விட்டாள். அப்புறம்தான்... யார் பதில் சொன்னது என்று அவளுக்கே தெரிந்தது.

நாய் எழுந்து நின்றது. உறுமவில்லை.

கூப்பிட்ட குரல் வாசலில் இருந்தது. கால்கள் அங்கேதான் போயின. சமையலறையைத் தாண்டி, மேசையைத் தாண்டி, பெனெத்தாவைத் தாண்டி... நிற்கச் சொன்னாலும் கால் கேட்கவில்லை. படியை மிதிக்கும்போது எதிரே ஏதோ ஒன்று தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது. வெதுவெதுப்பாக. கருகிய வைக்கோல் வாசனை.

திரும்பிப் பார்த்தாள். பெனெத்தாவின் முகத்தில் அன்பு. வந்த நாளிலிருந்து அவள் பார்த்தே இராத அன்பு. ஆனால் அந்தக் கண்கள் இவளைப் பார்க்கவில்லை. உள்ளே பார்த்துக்கொண்டிருந்தன.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள்.

தட்டினாள். கை பட்டது, சத்தம் வரவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினாள். மெல்ல ஒரு சத்தம்... நகத்தால் கீறுகிற மாதிரி.

"யாரு?" ஸேனோ கதவுக்கு அந்தப்பக்கம் வந்திருந்தான்.

"நான்தான்."

"நான்தான்னா யாரு? பேரைச் சொல்லு."

வாயைத் திறந்தாள். நுனிநாக்கில் ஃபியோரா என்று வந்தது. அதை விழுங்கிவிட்டு, அதற்கு முன்னால் இருந்ததைத் தேடினாள். ஞானஸ்நானத்தில் வைத்தது, அம்மா முற்றத்திலிருந்து கூவியது, போர்வைக்குள் இவன் சொன்னது... நாக்கு வெறுமனே புரண்டது.

"நீ சொல்லு, ஸேனோ. உனக்குத் தெரியும். நாளைக்குச் சொல்றேன்னியே, இப்பவே சொல்லு."

கதவிடுக்கில் அவன் மூச்சு கேட்டது. அவனுக்குக் குரல் தெரிந்துவிட்டது. அந்த மூச்சு நின்ற விதத்திலேயே அவளுக்கும் தெரிந்தது. சொல்லிவிடுவான் என்று நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போது உள்ளே, மேசைப் பக்கமிருந்து ஒரு பெண் பேசினாள்.

"யாரும் இல்ல. காத்துதான். வந்து உட்காரு."

அது இவளுடைய குரல்.

காலடி கதவை விட்டுப் போனது.

ஜன்னலில் ஒரு பிளவு இருந்தது. அதில் கண் வைத்தாளா இல்லையா... வைத்திருப்பாள். நானாக இருந்தால் வைத்திருப்பேன். இவளுடைய சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். கரண்டி கிண்ணத்தில் படும் சத்தம். பெனெத்தா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பிறகு பாதை.

பாதை முழுக்க உதிர்ந்த சருகு. அவள் நடந்தாள், சருகு நொறுங்கவில்லை. வெறுங்காலில் கல் குத்தவில்லை. முன்னாலும் பின்னாலும் ஆட்கள் போகிற மாதிரி இருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கதவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

குவெர்ச்சா வீட்டுக் கதவு இன்னும் திறந்திருந்தது. அப்பா வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் ஓடிப்போன அன்றைக்கு, இனி இந்த வீட்டில் அந்தப் பேரை எவன் சொன்னாலும் நாக்கை அறுப்பேன் என்ற மனிதர். அவள் வெளிச்சம் படாத இடத்தில் நின்றாள். தாத்தாவைக் கூப்பிட்டார். பாட்டியைக் கூப்பிட்டார். ஊற்றுச் சண்டையில் செத்த சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

அப்புறம் நிறுத்தினார். தொண்டையைச் செருமினார்.

"ஒர்சோலா."

ஆமாம். அதுதான்.

உள்ளே அம்மா பதறினாள். "அய்யோ, என்னங்க இது. அவ உசிரோட இருக்கா."

"எனக்கு இல்ல."

"சரியாத்தான் கூப்பிட்டிருக்கார்" என்றான் அல்வீஸே. "பஸ்ஸானி வீட்டுச் சோத்தைத் தின்னவ செத்தவதான். அவளுக்கும் ஒரு கிண்ணம் வைம்மா."

திட்டுவதற்காகத்தான் கூப்பிட்டார்கள். அது அவளுக்கும் புரிந்தது. எந்த வரிசையில் தன்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்றும் புரிந்தது. ஆனாலும் அந்த ஒரு சொல்... எத்தனை மாதமாயிற்று. இருட்டில் நின்று உதட்டை அசைத்து அதை ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். ஒர்சோலா. வாய்க்குள் அது சரியாகப் பொருந்தியது.

அப்பா கதவைச் சாத்தப் போனார்.

"வந்துட்டேன்பா" என்றாள்.

காலையில் குவெர்ச்சா வீட்டில், மற்றக் கிண்ணங்களில் எல்லாம் சூப்பு ஆடை கட்டிக் கிடந்தது. ஒன்று மட்டும் துடைத்து வைத்த மாதிரி காலி. அல்வீஸே நாயைத் திட்டினான். அந்த வீட்டில் நாய் கிடையாது. அம்மா அந்தக் கிண்ணத்தைக் கடைசிவரை கழுவவே இல்லை... ஜெம்மாவைக் கேளுங்கள், இன்னும் அவள் மாமியார் பரணில்தான் இருக்கிறது.

பஸ்ஸானி வீட்டில் ஸேனோ விடிந்தும் விடியாமலும் கீழே இறங்கி வந்தான். ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. கொடுத்த வாக்கு நினைவிருந்தது. அவன் மனைவி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதே சால்வை, அதே பின்னல். நாய் அவள் பாதத்தின் மேல் தலை வைத்துப் படுத்திருந்தது. வால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. தப்... தப்...

"ஒர்சோலா" என்றான்.

அவள் திரும்பவில்லை. ரொட்டியைப் பிய்த்து, மேல்தோலை நாய்க்குப் போட்டாள்.

இன்னொரு தடவை சொன்னான், கொஞ்சம் சத்தமாக.

அப்போது திரும்பினாள். யாரைக் கூப்பிடுகிறான் என்று வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"அங்க யாருடா இருக்கா? வா, உட்காரு தம்பி. எவ்வளவு வளர்ந்துட்டே."