ஐந்து மணி இடைவேளை

போக்கர் போட்டிக்கு அட்டவணை போடும் வேலையை யாரும் என் தலையில் கட்டவில்லை. கனடாவில் எங்கள் டாஃபின் ஊரில் வேறு ஆள் கிடைக்காததால் நானாகத்தான் தலையைக் கொடுத்தேன். பன்னிரண்டு வருடம், சம்பளம் கிடையாது. ஞாயிறு பகல் ஒரு மணிக்குப் போக்கர் போட்டி தொடங்கினால் ஆறுக்குள் முடிய வேண்டும். ஆறரைக்குப் பிங்கோ ஆடும் பெண்கள் மண்டபத்துக்கு வந்துவிடுவார்கள். முடியாவிட்டால் வாங்கிக் கட்டிக்கொள்வது நான்.

முடியவிடாதவர் ஒரெஸ்ட் பாஞ்சுக். தானியக் கிடங்கில் எடை போட்டு ஓய்வுபெற்றவர். இரண்டே சீட்டை நிலப்பத்திரம் படிப்பது போலப் படிப்பார். சுற்றியிருப்பவர்கள் என்னைத்தான் முறைப்பார்கள். எரிச்சல் என்றால் அப்படியொரு எரிச்சல்.

விதிகளைத் திருத்திப் பார்த்தேன். இருபது நிமிடச் சுற்றைப் பதினைந்தாக்கினேன். இடைவேளை தவிர நடுவில் எழுந்து போனால் அன்றைய ஆட்டம் முடிந்தது என்றேன். மற்றவர்கள் வெளியேறினார்கள், அவர் அசையவில்லை. மேசையில் சாப்பாடு கூடாது என்றபோதுதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கிளென், எனக்குச் சர்க்கரைப்பா. ஊசி போட்ட அரை மணியில சாப்பிட்டாகணும். இல்லேன்னா ஆளு காலி."

அதற்குத்தானே அண்ணே ஐந்து மணி இடைவேளை இருக்கிறது என்று சமாதானம் சொன்னேன்.

போன ஞாயிறு பருவத்தின் கடைசிப் போட்டி. ஜெயிப்பவருக்கு வினிபெக் இறுதிச்சுற்றில் இடம். ஒரெஸ்ட் அங்கே ஒருதடவையும் போனதில்லை. அன்று ஆறு பேர் மிச்சம், அவர் முன்னால்தான் பந்தயச் சில்லுகள் அதிகம். நேரமோ கையை மீறிப் போய்க்கொண்டிருந்தது. ஐந்து மணி இடைவேளை ரத்து என்று அறிவித்தேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இப்ப எழுந்தா நான் அவுட்டா?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதாண்ணே."

சில்லுகளைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

சுமார் ஐந்தரைக்குச் சீட்டைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். பக்கத்தில் இருந்த டொலோரெஸ், "அவர் மூஞ்சியப் பாருப்பா, வேர்த்து ஊத்துது" என்றாள். நல்ல சீட்டு வந்தால் எல்லோருக்கும் வேர்க்கும் என்றேன். எதிரில் இருந்தவர் பொறுமையிழந்து, ஒரெஸ்டுக்குக் கெடு வைக்கச் சொன்னார். யாராவது கேட்டால் வைத்தாக வேண்டும்; ஒரு நிமிடத்துக்குள் ஆடாவிட்டால் கையிலிருக்கும் சீட்டு செல்லாது. கடைசிப் பத்து நொடியை வாய்விட்டு எண்ணினேன். ஒரெஸ்டின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பூஜ்யம் வந்ததும் அவர் விரல்களிலிருந்து சீட்டுகளை உருவி, செல்லாது என்றேன். விரல்கள் சில்லென்று நனைந்திருந்தன. அதன் பிறகுதான் சரிந்தார். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

விசாரிக்க வந்த நீங்கள் நேரத்தைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. இடைவேளையை ரத்து செய்ய வேண்டும் என்று நான் முடிவு செய்தது மூன்று மணிக்கே. அப்போதே சொல்லியிருந்தால் ஊசியைத் தள்ளிப் போட்டிருப்பார், ஆட்டமும் இழுத்திருக்கும். நாலரைக்கு அவர் நாற்காலியில் இருந்தபடியே சட்டையைத் தூக்கி ஊசி போட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகுதான் மைக்கை எடுத்தேன். பசி தாங்காமல் எழுந்து போய்விடுவார் என்பதுதான் என் கணக்கு.

அவரும் போயிருக்கலாம். நான் யாரையும் கட்டிப்போடவில்லை.