கதவில் எழுதியிருக்கும் நாலு

— தள்ளி ஒக்காருடி இசைவாணி, மீன் செதில் தெறிக்கும். ஆமா, எத்தனை நாளு கிளாசுன்னு சொன்ன?

— பன்னெண்டு நாள். கிளாஸ் இல்ல நாகஜோதி, கோடைப் பயிற்சி. இருபத்தி ரெண்டு நாட்டுல இருந்து ஆராய்ச்சி பண்றவங்க வர்றாங்க. இந்தியாவுல இருந்து நான் ஒருத்திதான்.

— அது சரி. பத்தாவதுல என்னையப் பாத்து எழுதுன கழுத ஜெனீவாவுக்குப் போவுது. அங்கன போயி என்னத்தடி படிப்பீக?

— அதாவது, உலக நிர்வாகம். ஒரு நாடு தனியா தீர்க்க முடியாத விஷயத்த எல்லா நாடும் கூடி எப்படி நடத்துது, அதுக்குன்னு இருக்குற சர்வதேச அமைப்பெல்லாம் எப்படி வேலை செய்யுதுன்னு.

— யாரு சூப்பர்வைசர்?

— அப்படி யாரும் கெடையாது. கூடிப் பேசி விதி போடுவாங்க. கையெழுத்துப் போட்ட நாடு விதிப்படி நடக்கணும்.

— நடக்கலேன்னா?

— ஏன் நடக்கலேன்னு கேட்டு எழுதுவாங்க. அந்த நாடு பதில் எழுதும்.

— விதிப்படிதான் நடக்குதுன்னு பொய்யா எழுதிட்டா?

— அதான்டி விவாதமே. என் கட்டுரையும் அதப் பத்தித்தான். வியாழக்கெழமை பிளைட். அங்க பத்து நிமிஷம் பேசணும். உன்கிட்ட ஒரு தடவை பேசிக் காட்டிட்டுப் போறேன், கேளு.

— சொல்லு. கைக்குத்தான் சோலி, காது சும்மாத்தான் இருக்கு.

— சர்வதேச விதி எல்லாம் காகிதத்தோட நின்னுரும், கடைசி ஆள் வரைக்கும் வந்து சேராதுன்னுதான் எல்லாரும் எழுதுறாங்க. நான் இல்லன்னு சொல்றேன். அதாவது, எங்கேயோ கூட்டம் போட்டுப் பேசுன பாதுகாப்பு, நம்ம நாட்டுச் சட்டமா மாறி, வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக் கதவுல 'ஆட்கள் 4'ன்னு பெயிண்ட்ல வந்து நிக்குது. வெடிமருந்து செலுத்துற ரூமுக்கு நாலு பேர்தான். நாப்பது பேர்கிட்ட கேட்டேன், உங்க ரூமுல எத்தனை பேருன்னு. நாப்பது பேரும் நாலுன்னாங்க. ஒருத்தர்கூட மாத்திச் சொல்லல. அதப் பாத்துத்தான் என்னைத் தேர்ந்தெடுத்தாங்க.

— அந்த நாப்பது தாளையும் நான்தான எங்கூட வேலை பாக்குறவளுககிட்ட கொண்டு போயி எழுதி வாங்கிட்டு வந்தேன்.

— அதனாலதான் முதல் நன்றியே உனக்குப் போட்டிருக்கேன். 'ஒரு தோழிக்கு'ன்னு.

— ம்.

— என்ன ம்? நல்லா இல்லையா?

— ஏட்டி, சீசன் நேரத்துல அந்த ரூமுல எம்புட்டுப் பேரு இருப்பாகன்னு நெனைக்க?

— நாலு.

— ஏழு. தீவாளி நெருங்கிட்டா எட்டும் உண்டு.

— விளையாடாத நாகஜோதி.

— கையில அருவாமனைய வச்சுக்கிட்டு என்ன வெளையாட்டு? எங்க சூப்பர்வைசர் காசிராஜன் அண்ணாச்சி இருக்காகள்ல, அதிகாரி ஜீப்பு மெயின் ரோட்டுல திரும்புதுன்னு போன் வந்ததும் ரெண்டு விசில் குடுப்பாக. ரூமுக்கு நாலு பேரு அப்பிடியே இருக்கணும். மிச்ச ஆளு தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டுப் பின்னால ஓடைக்குள்ள போயிரணும், வேலிக்கருவை முள்ளுக்குள்ள. செருப்ப மறக்கக் கூடாது. வாசல்ல ஏழு சோடி கெடந்தா அது காட்டிக் குடுத்துரும்ல?

— அங்க போய் என்ன பண்ணுவாங்க?

— என்னத்தப் பண்ண? ஒருத்திக்கொருத்தி பேன் பாத்துக்கிட வேண்டியதுதான். ஒரு மஞ்சணத்தி மரம் நிக்கி, அது அடியில மட்டும் முள்ளு கெடையாது. மறுபடி விசில் வந்தா திரும்பணும். அம்புட்டுத்தான்.

— அப்ப நாப்பது பேரும் என்கிட்ட பொய் சொல்லியிருக்காங்க.

— பொய்யின்னு ஏன் சொல்லுத? வேலைக்குச் சேந்த அன்னைக்கு, மருந்தத் தொட விடுறதுக்கு முன்னாலயே சொல்லிக் குடுத்துருவாக. தாளும் பேனாவுமா வந்து எத்தனை பேருன்னு யாரு கேட்டாலும் நாலு. உன் தாளப் பாத்ததும் வாயி அதுவாச் சொல்லிருச்சு.

— உன் தாள்லயும் நாலுன்னுதான இருந்துச்சு?

— ஆமா.

— என்கிட்டயாடி?

— நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ எங்கன கேட்ட? உன் தாளுதான கேட்டுச்சு.

— எனக்கு அழுகையா வருது. ரெண்டு வருஷ வேலைடி. இத எதுக்கு இன்னைக்குச் சொன்ன?

— சொல்லாமத்தான் இருந்தேன். உன் சந்தோசத்தக் கெடுப்பானேன்னு. இப்ப நீ வாசிக்கவும் மனசு கேக்கல. அம்புட்டு நாட்டு ஆளுக முன்னால எங்க ரூமு நல்ல ரூமுன்னு நீயே சொல்லிட்டு வந்துட்டா, பெறவு யாரு எங்களை எட்டிப் பாப்பா?

— வரலன்னு மெயில் போட்டுரவா?

— போட்டுட்டு? எனக்கு மீன் கழுவிக் குடுக்கப் போறியா?

— அப்ப மாத்தித்தான் எழுதணும். கதவுல நாலு, உள்ள ஏழு, தாள் எடுத்துட்டுப் போனா நாலுதான் கெடைக்கும்னு. நான் ஏமாந்த கதையையும் சேத்து. அத எடுத்துக்குவாங்களோ என்னமோ.

— எழுது.

— உன் பேரைப் போட மாட்டேன், பயப்படாத. அது எங்க விதி. அதாவது, சொன்னவங்களுக்குக் கெடுதல் வரக் கூடாதுன்னு பேரை மறைச்சுத்தான் எழுதணும். ஊரையும் மாத்திருவேன்.

— மத்தவளுக பேரை மறைச்சுக்கோ. அவளுகளுக்குப் புள்ள குட்டி இருக்கு. என் பேரை முழுசாப் போடு. வெள்ளைத்துரை மக நாகஜோதின்னு.

— கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? வேலைய விட்டு எடுத்துருவாங்கடி.

— எம் பேரு எந்த ரிஜிஸ்டர்ல இருக்கு, எடுக்கதுக்கு? ஒம்பது வருசமா விசில் கேட்டதும் மஞ்சணத்தி மரத்தடிக்கு ஓடுறவடி நான். நாளைக்கு அந்த ரூமு வெடிச்சுச்சுன்னா உள்ள இருந்தது நாலு பேருன்னுதான் எழுதுவாக. அஞ்சாவதா ஒருத்தி இருந்தான்னு உன் தாள்லயாவது கெடக்கட்டும்.