நாலாவது டயர்

"ரிவர்ஸ் போடுய்யா! ரிவர்ஸ்!"

பேபி கத்திய கத்தலில் தமிழரசு கியரை மாற்றி ஆக்ஸிலேட்டரை மிதித்தான். பிக்கப் உறுமியது. நகரவில்லை. காலடியில் நுழைந்த ஏரித் தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது...

ராத்திரி பன்னிரண்டரை. பாரிவாக்கம் ஏரிக்கரை மண்பாதை. கொட்டுகிற மழை. பேபி என் சிநேகிதன் சரணின் அக்கா. தமிழரசு அவள் புருஷன். சரண் சொன்னபடியே சொல்கிறேன். அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள்.

புது மனைகளுக்கு ஜல்லியும் செங்கல்லும் அடிக்கிற வண்டி அது. மழை வந்தால் அங்கே ரோடு ஏது? சேறுதான். அதனால் தமிழரசு அன்று மத்தியானம் பூந்தமல்லியில் பழைய டயர் விற்கும் ஹேமநாதனிடம் போயிருந்தான். தார் ரோடு, சேறு இரண்டையும் தாங்குகிற டயர். தடித்த பக்கவாட்டு, பெரிய பெரிய ரப்பர் கட்டை, நடுவில் அகலமான பள்ளம். கட்டைவிரலால் அழுத்தினான். உள்ளே கைவிட்டுத் தடவினான். வெட்டில்லை, வெடிப்பில்லை.

"லோடோட போனாலும் சேத்தைக் கக்கிகினு வரும் நைனா. ஆனா மூணுதான் கீது."

"நாலாவது இன்னாச்சு?"

"வரல," என்றான் ஹேமநாதன், வேறெங்கோ பார்த்தபடி.

மூன்றையும் மாட்டினார்கள். பின்னால் இடது பக்கம் மட்டும் பழைய மொட்டை டயர்.

"மூணு காலுக்குப் புதுச் செருப்பு, ஒரு காலு வெறுங்காலா?" என்று வீட்டில் வண்டியைப் பார்த்துப் பேபி சிரித்தாள்.

அன்றைக்கே திருவேற்காட்டில் ஒரு கல்யாண வரவேற்பு. திரும்பும்போது மெயின் ரோட்டில் வெள்ளம். ஏரிக்கரையில் திருப்பினான். ஹெட்லைட் வெளிச்சத்தில், சேற்றில்... டயர் தடம். அதே பெரிய கட்டைகள். முன்னால் ஒரு வண்டி போயிருக்கிறது, தரை கெட்டி என்று நம்பித் தடத்திலேயே விட்டான்.

அத்தனை மழையிலும் தடம் அழியவில்லையே என்று தோன்றியபோது, தடத்தோடு வண்டியும் ஏரிக்குள் இறங்கிவிட்டிருந்தது.

மொட்டை டயர் வெறுமனே சுழன்றது. ரப்பர் தீய்ந்த நாற்றம். கதவை வெளியே தண்ணீர் அழுத்த, உள்ளே இருவரும் தோளால் இடித்தார்கள். அசையவில்லை. ஜன்னல் கண்ணாடி நாலு விரல் இறங்கி மாட்டிக்கொண்டது. செல்லில் சிக்னல் இல்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இஞ்சின் இருமியது.

டங்...

பின்னால். இடது பக்கம்.

ஜாக்கி வைத்ததுபோல் வண்டியின் பின்புறம் மெல்ல உயர்ந்தது. தீய்ந்த நாற்றம் போய் அழுகிய பாசி நாற்றம். பிறகு... கிரீச். கிரீச். சக்கர நட்டு கழல்கிற சத்தம்.

"யாருய்யா அது?"

"பேசாத!"

சைடு கண்ணாடியில் கறுப்புத் தண்ணீர் மட்டும்.

மறுபடி கிரீச். இந்த முறை இறுக்குகிற சத்தம். வண்டி பொத்தென்று இறங்கியது. பேபியின் இடது தோளில் ஜில்லென்று ஏதோ உரசியது. ஒழுகுகிறதென்று நினைத்து புருஷனை ஒட்டி நகர்ந்தாள். தமிழரசு மிதித்தான்.

ஒரே உறுமல்... வண்டி பின்பக்கமாகவே கரையேறிவிட்டது.

விடிந்ததும் வண்டியைச் சுற்றி வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். நாலு டயரும் ஒரே ரகம். நாலாவதின் பள்ளங்களில் பாசி, நத்தை.

நேரே ஹேமநாதனிடம் ஓட்டினான். டயரைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறியது.

"போன மழைக்கு பாரிவாக்கம் ஏரில ஒரு பிக்கப் மாட்டிச்சு நைனா. பின்னால லெஃப்டு பஞ்சரு. டிரைவரு ஸ்டெப்னிய எடுத்துகினு இறங்கினான். காத்தால வண்டியத்தான் இழுத்தாங்க. ஸ்டெப்னியும் கெடைக்கல, ஆளும் கெடைக்கல. மிச்ச மூணுதான் உனுக்குக் குடுத்தேன்."

தமிழரசு நாலாவது டயரைத் தொட்டான். "அப்போ... அந்த மனுசன்தான் எங்கள..."

ஹேமநாதன் கேபினுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊட்டுக்காரம்மாவும் வந்துகீறாங்களா?"

"இல்லியே. தனியாத்தான் வந்தேன்."

இடது சீட்டில் யாருமில்லை. பெல்ட் மட்டும் பூட்டியிருந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒரு ஆளின் மார்பைச் சுற்றியதுபோல் புடைத்து நின்றது.