பரீட்சைக்கு அரை மணி முன்னாடி

இல்லக்கா, பரவாயில்ல, பெஞ்சுல நீங்களே உக்காருங்க. எனக்கு நின்னாத்தான் சரியா இருக்கு. அந்த ஜன்னல் ஓரத்துல நீல ரிப்பன் தெரியுதே, அதான் எங்க வீட்டு வாலு. உங்க பொண்ணு அவளுக்குப் பின்னாடியா? பாருங்க, தலை நிமிராம எழுதிட்டே இருக்கா. எங்களுது ஃபேனப் பாத்துட்டு இருக்கு.

எனக்கு வேலையா? சொன்னா சிரிக்கக் கூடாது. எலிக்குப் பரீட்சை வெக்கிறேன். நிஜமாத்தான்க்கா. மூளை ஆராய்ச்சிக் கூடம். மத்தவங்க எலியப் பாத்தா ஸ்டூல் மேல ஏறுவாங்க, எனக்கு அதுதான் சோறு போடுது. ஒரு பெரிய தொட்டி, உள்ள பால் கலந்த மாதிரி கலங்கலாத் தண்ணி. தண்ணிக்கு அடியில சின்னதா ஒரு மேடை, வெளிய தெரியாது. எலி நீந்தி நீந்தித் தேடி அதுல ஏறி நிக்கணும். மறுநாள் விட்டா நேரா அங்கயே போகணும். அவ்ளோதான் பாடம்.

இதுல ஒரு வேடிக்கை கேளுங்க. வெதுவெதுன்னு இருக்கிற தண்ணியில கத்துக்கிட்டத விட, கொஞ்சம் ஜில்லுனு இருக்கிற தண்ணியில கத்துக்கிட்டதுதான் நல்லா நிக்குது. பயந்தா உடம்புல ஒரு ஹார்மோன் ஊறும். அது மூளையில போய் உக்கார இடம் இருக்கு, ரிசெப்டர்னு சொல்வோம். நாற்காலின்னு வெச்சுக்கோங்களேன். ரெண்டு வகை. ஒரு வகை, நாம சும்மா இருக்கும்போதே நிரம்பிடும். இன்னொரு வகை, பயம் வந்து கூட்டம் சேந்தாத்தான் நிரம்பும். அது நிரம்பிட்டா அப்ப நடக்கிறதெல்லாம் ஆணி அடிச்ச மாதிரி பதிஞ்சுடும்.

நானும் பெரிய மேதாவி மாதிரி வீட்லயும் தண்ணிய ஜில்லுனு வெச்சேன். மார்க் குறைஞ்சா ஹாஸ்டல்தான்னு சொல்லிச் சொல்லியே படிக்க வெச்சேன். இவங்க அப்பா சத்தம் போட்டார், நீ வளக்கிறது புள்ளையா எலியான்னு. நான் காதுலயே வாங்கல. ஏன்னா அவ கடகடன்னு ஒப்பிச்சாக்கா. எனக்கு அதுல ஒரு பெருமை வேற.

ஐயோ, இல்லக்கா, நீங்க போய் அதை உங்க பொண்ணுகிட்ட பண்ணிப் பாக்காதீங்க! முழுசாக் கேளுங்க. பாடத்த நல்லாக் கத்துக்கிட்ட எலிதான். ஆனா சோதனைக்கு அரை மணி முன்னாடி கால்ல லேசா ஒரு ஷாக் குடுத்துட்டு விட்டா, தொட்டி ஓரமாவே சுத்தும், அந்த மேடைய ஜென்மத்துல பாக்காத மாதிரி. பதியறதுக்கு உதவி பண்ணின அதே நாற்காலிதான், பதிஞ்சத வெளிய எடுக்க விடாம மறிச்சுக்கிட்டு நிக்குது. மறந்து போகலக்கா. கொஞ்ச நேரம் கழிச்சு, பயம் தெளிஞ்சப்புறம் விட்டா, நேராப் போய் ஏறிடும். அந்த அரை மணிதான் ஆகாது. புதுசா வேலைக்குச் சேர்றவங்களுக்கு இதப் பாடமா நடத்துறது யாரு? நான்தான்.

காலையில இந்த கேட் கிட்ட நின்னுதான் ஹால் டிக்கெட்ட எடுத்துக் குடுத்தேன். நீங்க அப்ப வரல. அம்மா, ஒண்ணுமே ஞாபகம் வரலம்மான்னா. அழக்கூட இல்ல. மெதுவாத்தான் சொன்னா.

மணி அடிச்சுட்டாங்க. அக்கா, ஒரு உதவி பண்றீங்களா? இந்தத் தண்ணி பாட்டில நீங்களே அவ கையில குடுத்துடுங்க. நான் எங்கயும் போகல, இங்கதான் நிப்பேன். விட்டுப்போன பதிலெல்லாம் சாயங்காலத்துக்குள்ள அவளுக்கு ஞாபகம் வந்துடும், அது எனக்குத் தெரியும். காலையில அவ ஞாபகம் வரலன்னு சொன்னதும் கன்னத்துல ஒண்ணு விட்டேன் பாருங்க, அதுதான் போகாது. இப்பக் கைய நீட்டினா மூஞ்சிய மூடிக்குவாளோன்னு இருக்கு. அதோ வர்றா. நீங்க குடுங்கக்கா.